கிழக்குக் கரையில் மட்டும் சுற்றும் ட்ரோன்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். வீரவநல்லூர் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடுகளுக்காக வாங்கிய கேமரா ட்ரோனைக் கொண்டு எங்கள் ஊர்க் குளத்தைப் படமெடுத்து வரைபடமாக்கித் தருவதாக விவசாயிகள் சங்கத்திடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனி மாதம் வேலையைத் தொடங்கினேன். குளத்தின் தென்கோடியில் ஆரம்பித்து, கிழக்கு மேற்காக வரிசை போட்டு, வடக்கு நோக்கி நகரும்படி செயலியில் பாதை அமைத்தேன். உயரம் 60 மீட்டர், வேகம் நொடிக்கு 8 மீட்டர். கிழக்குக் கரைக்கு வந்து அடுத்த வரிசைக்கு மாறும்போது ட்ரோன் நின்ற இடத்தில் ஒன்றரைச் சுற்று சுற்றிவிட்டுத்தான் போகிறது. மேற்குக் கரையில் ஒழுங்காகத் திரும்புகிறது. இது போக, பிற்பகலில் மேற்கு நோக்கிப் போகும் வரிசைகளில், நடுவழியில் மூக்கு இடப்பக்கம் சரிந்து, கொஞ்ச தூரம் பக்கவாட்டில் போய், பிறகு நேராகிறது. கையால் ஓட்டினால் இரண்டுமே இல்லை. மாசியில் பனைமரத்தில் உரசி விழுந்ததில் ட்ரோனின் நான்கு கைகளில் ஒன்றை மோட்டாரோடு மாற்றினேன். மொட்டை மாடியில் வைத்துப் பலமுறை காம்பஸ் காலிபரேஷன் (திசைகாட்டியைச் சரிப்படுத்துவது) செய்தும் பலனில்லை. பழுது பார்க்கும் கடையில் மெயின் போர்டை மாற்றச் சொல்கிறார்கள். அந்தப் பணத்துக்குப் பழைய ட்ரோன் ஒன்றே வாங்கிவிடலாம். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, மெயின் போர்டை மாற்றாதீர்கள். கடைக்காரரிடம் ட்ரோனைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது ஒரு கோளாறு அல்ல, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் உங்களுக்கும் கடைக்காரருக்கும் பிடி கிடைக்கவில்லை. முதலாவதைச் சரிசெய்யக் காசு செலவில்லை. இரண்டாவதற்கு அதிகம் போனால் ஒரு கையின் விலை ஆகும்.

கிழக்குக் கரைச் சுற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்திலேயே விலைமதிப்புள்ள தகவல் அதுதான். மெயின் போர்டு கெட்டிருந்தாலும், காம்பஸ் கெட்டிருந்தாலும், அவற்றுக்குக் கிழக்குக் கரை எது, மேற்குக் கரை எது என்று தெரியாது. கெட்டுப்போன பாகம் எந்தக் கரையிலும் கோளாறு காட்டும். ஒரு கரையில் மட்டும், ஒவ்வொரு வரிசையிலும், அதே அளவுக்குச் சுற்றுகிறது என்றால் அது பழுது அல்ல. யாரோ அப்படிச் சுற்றச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது நீங்கள் போட்ட பாதைத் திட்டம்.

ஒரு தாளில் நான்கு திசையையும் எழுதிக்கொண்டு என்னோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 டிகிரி. உங்கள் ட்ரோன் கிழக்கே பார்த்து, அதாவது 90 டிகிரியில், கரைக்கு வருகிறது. அங்கே வடக்கு நோக்கி ஒரு சிறிய தூரம் நகர்ந்து, பிறகு மேற்கே பார்த்து அடுத்த வரிசையைத் தொடங்க வேண்டும். 90-இலிருந்து 0-வுக்கு இடஞ்சுழியாக வந்தால் கால் சுற்று. 0-இலிருந்து 270-க்கு இடஞ்சுழியாகவே போனால் இன்னொரு கால் சுற்று. ஆக அரைச் சுற்றோடு வேலை முடிந்திருக்கும். ஆனால் திட்டத்தில் 'திரும்பும் பக்கம்' என்ற இடத்தில் வலஞ்சுழி என்று நிலையாக வைத்திருந்தால் என்ன ஆகும்? 90-இலிருந்து வலஞ்சுழியாகவே சுற்றி 0-வைத் தொட முக்கால் சுற்று வேண்டும். அங்கிருந்து 270-க்கு இன்னொரு முக்கால் சுற்று. இரண்டும் சேர்ந்து ஒன்றரைச் சுற்று. நீங்கள் கண்ணால் பார்த்து எழுதிய அதே ஒன்றரை.

இப்போது மேற்குக் கரைக்கு வாருங்கள். 270-இலிருந்து 0-வுக்கு வலஞ்சுழியாகக் கால் சுற்று, 0-இலிருந்து 90-க்கு வலஞ்சுழியாகக் கால் சுற்று. மொத்தம் அரைச் சுற்றுதான். அதனால்தான் அங்கே ஒழுங்காகத் திரும்புவதாகத் தெரிகிறது. இரண்டு கரையிலும் ட்ரோன் ஒரே கட்டளையைத்தான் நிறைவேற்றுகிறது. அது சொன்ன பேச்சைக் கேட்கிற ட்ரோன். அதைப் போய்ப் பிரிக்க வேண்டுமா?

செயலியில் வே பாயின்ட், அதாவது பாதையில் குறித்த புள்ளிகளுக்கான அமைப்புகளைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான செயலிகளில் திரும்பும் பக்கத்துக்கு வலஞ்சுழி, இடஞ்சுழி, குறுகிய வழி என்று மூன்று தெரிவுகள் இருக்கும். சிலவற்றில் முதல் இரண்டு மட்டும் இருக்கும். குறுகிய வழி இருந்தால் அதை வையுங்கள். சுற்று நின்றுவிடும். ஆனால் குளத்தை வரைபடமாக்கும் வேலைக்கு நான் சொல்வது அதுவும் அல்ல. மூக்கைத் திருப்பவே வேண்டாம். கேமரா நேர் கீழே பார்க்கும்போது ட்ரோனின் மூக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் படத்தை ஒட்டும் மென்பொருளுக்குக் கவலை இல்லை. மூக்குத் திசையை மேற்கே பார்த்தபடி 270 டிகிரியில் பூட்டிவிடுங்கள். ட்ரோன் மேற்கே முன்னோக்கிப் போகும், கிழக்கே பின்னோக்கி வரும், எந்தக் கரையிலும் திரும்பாது. ஒவ்வொரு திருப்பத்திலும் வீணாகும் பேட்டரியும் மிச்சம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. விலை குறைந்த ட்ரோன்களில் தடையைக் கண்டு நிற்கும் சென்சார் முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். பின்னோக்கியும் பக்கவாட்டிலும் பறக்கும்போது அது கண்ணைக் கட்டிக்கொண்டு பறப்பதாகவே அர்த்தம். கரையில் நிற்கும் பனை, அருகில் உள்ள மின்கோபுரம், செல்போன் கோபுரம் எல்லாவற்றின் உயரத்தையும் முதலில் விசாரித்து, அவற்றுக்கு மேலே பாதையைப் போடுங்கள். பனையோடு உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது.

இனி இரண்டாவது விஷயம். உண்மையில் நான் கவலைப்படுவது இதற்குத்தான். கரையில் சுற்றுவதால் ட்ரோன் விழாது. எதிர்காற்றில் மூக்கு சரிவது ஒரு நாள் விழவைக்கும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்றை நம்பித்தான் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஆனியில் தொடங்கி ஆவணி தாண்டும் வரை பிற்பகலில் நொடிக்கு 10 மீட்டர் காற்று நம் பக்கம் அதிசயம் அல்ல. உங்கள் ட்ரோன் தரையைப் பொறுத்து நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் மேற்கே போக வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. எதிரே 10 மீட்டர் காற்று. காற்றைப் பொறுத்து அது நொடிக்கு 18 மீட்டர், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் முட்டித் தள்ளுகிறது. சிறிய கேமரா ட்ரோன்கள் பலவற்றின் கையேட்டில் தாங்கும் காற்று நொடிக்கு 10 முதல் 12 மீட்டர் என்றுதான் போட்டிருக்கும். கிழக்கே திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, மோட்டாருக்குச் சிரமமே இல்லை. மேற்கு வரிசையில் மட்டும் மூக்கு சரிவதற்கு இது முதல் காரணம்.

காற்று எல்லாத் திசையையும்தானே அலைக்கழிக்க வேண்டும், மூக்கு மட்டும் ஏன் சரிகிறது என்று கேட்பீர்கள். நான்கு புரொப்பல்லரில் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுற்றுகின்றன. முன்னே சாயவும் பக்கவாட்டில் சாயவும் ட்ரோனுக்குப் புரொப்பல்லரின் தூக்குவிசை முழுவதும் உதவுகிறது. மூக்கைத் திருப்ப மட்டும் அது உதவாது. ஒரு ஜோடியைக் கொஞ்சம் வேகமாகவும் மற்ற ஜோடியைக் கொஞ்சம் மெதுவாகவும் சுற்றி, அதனால் எழும் எதிர்ச்சுழல் விசையை வைத்துத்தான் மூக்கைப் பிடித்துவைக்கிறது. ட்ரோனிடம் உள்ள விசைகளில் இதுதான் மிகவும் பலவீனமானது. எதிர்காற்றில் மோட்டார்கள் உச்ச வேகத்தை நெருங்கிவிட்டால் எல்லாவற்றையும் கவனிக்கச் சக்தி மிஞ்சாது. அப்போது ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் ஒரு முடிவு எடுக்கிறது. வெள்ளம் புகுந்த வீட்டில் சட்டி பானையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்குவதுபோல, மூக்கை விட்டுவிட்டு, கவிழாமல் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்கிறது. சரியான முடிவுதான். காற்று ஒரு நொடி தணிந்ததும் மூக்கைத் திரும்பப் பிடித்துவிடுகிறது. நீங்கள் பார்த்தது இதைத்தான்.

ஆனால் காற்று மட்டும் காரணம் என்றால் மூக்கு ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் சரிய வேண்டும். எப்போதும் இடப்பக்கமே என்கிறீர்கள். இங்கேதான் மாசியில் மாற்றிய கை நினைவுக்கு வருகிறது. மோட்டார் நேர் செங்குத்தாக நிற்காமல் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் அதன் தூக்குவிசையில் ஒரு சிறு பங்கு ட்ரோனை எப்போதும் ஒரே பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும். சாதாரண நேரத்தில் ஃப்ளைட் கன்ட்ரோலர் அதைச் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடுவதால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. எதிர்காற்றில் கைவசம் இருந்த மிச்சச் சக்தி தீர்ந்ததும் வெளியே தெரிகிறது. கையால் ஓட்டும்போது ஏன் இல்லை என்பதற்கும் இதுவே பதில். கையால் ஓட்டுகிறவர் காற்று எதிர்த்தால் தன்னையறியாமல் வேகத்தைக் குறைப்பார். திட்டம் குறைக்காது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். காற்றில்லாத காலை நேரத்தில் தலை உயரத்துக்கு மேலே ஐந்து நிமிடம் அசையாமல் நிறுத்திவைத்து இறக்குங்கள். புரொப்பல்லர் முழுவதும் நின்று, மோட்டாரை அணைத்தபின், நான்கு மோட்டாரையும் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும், அழுத்திப் பிடிக்காதீர்கள். இடப்பக்கம் சரிகிற மூக்கை வலப்பக்கம் இழுத்துப் பிடிப்பவை இடஞ்சுழியாகச் சுற்றுகிற இரண்டும்தான். மூலைக்கு மூலையாக இருக்கும் அந்த இரண்டு மட்டும் மற்ற இரண்டைவிடச் சூடாக இருந்தால் சந்தேகம் உறுதி. பறப்புப் பதிவில் மோட்டார் வேகம் பதிவாகும் ட்ரோன் என்றால் சூட்டையும் நம்ப வேண்டாம், எண்ணே சொல்லிவிடும்.

பிறகு புரொப்பல்லர்களைக் கழற்றிவிட்டு, ட்ரோனைச் சமமான கண்ணாடி மேசையில் வைத்து, உங்கள் கண்ணை மோட்டார் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முன்னிருந்து பார்க்கும்போது இரண்டு மோட்டாரின் மேல்தட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பக்கத்திலிருந்தும் அப்படியே. புதிய கையின் மடிப்பில் ஆட்டம் இருக்கிறதா, திருகு ஒன்று குறைகிறதா, கை உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புரொப்பல்லரில் ஒன்று மட்டும் வேறு தயாரிப்பாக இருந்தாலும் இதே வினை வரும், அதனால் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். கை சாய்ந்திருந்தால் மாற்றிய கடையிலேயே அதைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

காம்பஸைப் பற்றி நீங்கள் நிறையப் பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயம் நம் ஊர்க்காரருக்குத் தேவையே இல்லை. புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டித்தான் ஓடுகிறது. அதனாலேயே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நம் கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் பலருக்கு அந்த ஊரில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் புவிகாந்தப் புலம் தரைக்குள் சாயாமல் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் ஓடும். ட்ரோனின் காம்பஸ் திசை பார்ப்பது அந்தப் படுக்கைப் பங்கை வைத்துத்தான். இங்கிலாந்தில் அது சுமார் 20,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), நம்மிடம் சுமார் 40,000. உலகிலேயே காம்பஸுக்கு வசதியான இடங்களில் ஒன்றில் நாம் பறக்கிறோம். பகல் நேரத்தில் மேலே அயனி மண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தால் இந்தப் புலம் கொஞ்சம் ஏறி இறங்கும் என்பது உண்மை. அது பொதுவாக நூறு நானோடெஸ்லா அளவில்தான். 40,000-இல் நூறு ட்ரோனுக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் மொட்டை மாடியில் காலிபரேஷன் செய்ததை விட்டுவிட முடியாது. கான்கிரீட் தளத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் காந்தத்தையும் சேர்த்துப் புவிகாந்தம் என்று ட்ரோனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். அது கிழக்குக் கரைச் சுற்றுக்குக் காரணம் இல்லை என்றாலும் இருக்க வேண்டிய தப்பு அல்ல. குளத்தங்கரையை விட்டு விலகி, அறுவடை முடிந்த வயலிலோ மண் களத்திலோ நின்று மறுபடி செய்யுங்கள். பைக்கைத் தள்ளி நிறுத்திவிட்டு, சாவி, செல்போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துவிட்டு வாருங்கள். மடைப் பலகையின் இரும்புச் சட்டத்துக்கு அருகிலிருந்தும் மோட்டார் ரூமுக்கு அருகிலிருந்தும் எழுப்பாதீர்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்க, நேராக ஓடும் கரையோ சாலையோ ஒன்றின்மேல் ட்ரோனின் மூக்கை வைத்து, செயலி காட்டும் திசையும் வரைபடத்தில் அந்தக் கரையின் திசையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடுத்து எதிர்த்திசை, பிறகு குறுக்கே இருபக்கமும். நான்கிலும் ஐந்து டிகிரிக்குள் ஒத்துவந்தால் காம்பஸை மறந்துவிடலாம். காம்பஸ் உண்மையிலேயே பொய் சொன்னால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ட்ரோன் வட்டமடித்துக்கொண்டே வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு போகும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இனிமேல் எந்த ட்ரோன் எதிர்பாராமல் திரும்பினாலும், பாகத்தைப் பிரிக்குமுன் பறப்புப் பதிவை எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள். திரும்பச் சொல்லித் திரும்பியதா, சொல்லாமல் திரும்பியதா? ஆர்டுபைலட் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓடும் ட்ரோன் என்றால் வேண்டிய திசையும் உள்ளபடியான திசையும் பதிவில் அடுத்தடுத்து இருக்கும். மற்றவற்றில், திட்டத்தில் கொடுத்த திசையையும் பதிவான திசையையும் நீங்களே ஒப்பிட வேண்டும். கட்டளை மாறி ட்ரோனும் மாறியிருந்தால் திட்டத்திலோ, ரிமோட்டின் இடக்குச்சி நடுவில் நிற்காமல் இருப்பதிலோ தேடுங்கள். கட்டளை மாறாமல் ட்ரோன் மட்டும் மாறியிருந்தால் காற்று, கை, மோட்டார், புரொப்பல்லர். இரண்டுமே அசையாமல் இருக்க வீடியோவில் மட்டும் படம் சுற்றினால் கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலையோ காம்பஸையோ பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் போர்டை மாற்றச் சொல்லும் எந்தக் கடைக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஒரு சீசன் சம்பாத்தியத்தை இப்படித் தொலைத்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

பறக்கும்போதே மூக்கு சரிந்தால் பதறிக் குச்சியை எதிர்ப்பக்கம் இழுக்காதீர்கள். மிஷனை, அதாவது தானாக ஓடும் பாதைத் திட்டத்தை, நிறுத்தும் பொத்தானை அழுத்தி, நின்ற இடத்தில் நிறுத்துங்கள். அசையாமல் நின்றுவிட்டால் மெல்ல உயரத்தைக் குறைத்து, காற்று குறைந்த மட்டத்தில் கையால் ஓட்டிக் கொண்டுவாருங்கள். நிறுத்திய பிறகும் வட்டமடித்தால் காம்பஸ் மேல் சந்தேகம். அப்போது 'வீடு திரும்பு' பொத்தானை நம்பக் கூடாது, ஏனென்றால் வீடு எந்தப் பக்கம் என்று பார்க்கவும் ட்ரோன் அதே காம்பஸைத்தான் கேட்கும். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து இறக்கிவிடுங்கள்.

குளத்து வேலைக்கு என் யோசனை இது. காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் பறந்து முடித்துவிடுங்கள். வேகத்தை நொடிக்கு 5 மீட்டராகக் குறையுங்கள். வரிசைகளைத் தெற்கு வடக்காக மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. காற்று எல்லா வரிசையிலும் பக்கவாட்டில் ஒரே அளவாகப் படும், எதிர்காற்று வரிசை என்று ஒன்று இருக்காது. மூக்கு மேற்கே பூட்டியபடியே இருக்கட்டும். பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்ததும் இறக்குங்கள், வடிந்த பேட்டரியில் மோட்டாரின் உச்ச வேகமும் குறையும். நீர்க்காகமும் நாரையும் கூடு கட்டியிருக்கும் கருவேல மரங்கள் குளத்துக்குள் இருந்தால் அந்தப் பகுதியைப் பாதையிலிருந்து வெட்டிவிடுங்கள். கூந்தன்குளத்துப் பறவைகள் நம் பக்கத்துக் குளங்களுக்கும்தான் இரை தேடி வருகின்றன.

கூலி வாங்கிக்கொண்டு பறக்கிறீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காக ஓட்டுகிறவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அரசு வரைபடத்தில் பச்சையாகக் குறித்திருக்கும் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் நம் சீமையில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் எல்லாம் இருக்கின்றன. வீரவநல்லூரிலிருந்து மேற்கே கொஞ்சம் போனாலே காட்டின் எல்லை வந்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் முன்பு 'டிஜிட்டல் ஸ்கை' என்ற அந்த அரசு வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் திரும்பும் பக்கத்தை மாற்றி, பழைய கிழக்கு மேற்குப் பாதையிலேயே இரண்டு வரிசை மட்டும் காலையில் பறந்து பாருங்கள். கிழக்குக் கரைச் சுற்று நின்றுவிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது. நிற்கவில்லை என்றால், அல்லது நான்கு மோட்டாரும் ஒரே சூடாக இருந்தும் மூக்கு இடப்பக்கமே சரிந்தால், அந்தப் பறப்பின் பதிவுக் கோப்பையும் புதிய கையை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.